கார்ட்னேரியன் விக்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு ஆங்கிலத் தொடரில் கறுப்பு அங்கி, ஐந்து முனை நட்சத்திரம், மெழுகுவர்த்தி எல்லாம் பார்த்துவிட்டு "இது நிஜமாகவே ஒரு மதமா?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நிஜமான மதம்தான். அதில் பல கிளைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மூத்ததான கார்ட்னேரியன் கிளையைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். நான் அதில் சேர்ந்தவன் அல்ல. மதங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதில் ஆர்வமுள்ளவன், அவ்வளவுதான். அந்த வகையில் இது ஒரு அதிர்ஷ்டம். ஒரு மதம் தவழ்ந்து நடக்கக் கற்ற காலத்தின் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அப்படியே கிடைப்பது வேறு எங்கும் அபூர்வம்.

விக்கா என்றால் சூனியம்தானே?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்பது புரிகிறது. விக்கர்கள் தங்களை 'விட்ச்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது 'சூனியக்காரி'. அதோடு பில்லி, ஏவல், செய்வினை, முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. நம் நாட்டில் 'சூனியக்காரி' என்பது அடுத்தவர் சூட்டும் பட்டம். நிலத்தகராறிலோ, ஊரில் ஒரு குழந்தை செத்தபோதோ, ஆதரவில்லாத ஒரு பெண்ணின் தலையில் அது விழும். அப்படிப் பட்டம் கட்டுவதைக் குற்றமாக்கி பிகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. விக்காவில் 'விட்ச்' என்பது ஒருவர் தீட்சை பெற்று, விரும்பி, தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பெயர். அதனால் நான் 'விக்கர்' என்றே எழுதப்போகிறேன்.

'விக்கா' என்பது பழைய ஆங்கிலச் சொல். அந்தக் காலத்தில் அதை 'விச்சா' என்று உச்சரித்தார்கள், மந்திரம் செய்யும் ஆணைக் குறித்தது. இன்று எல்லோரும் 'விக்கா' என்றே சொல்கிறார்கள்.

கார்ட்னேரியன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஜெரால்ட் கார்ட்னர் என்பவரிடமிருந்து. தொடங்கியவர்கள் அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. கார்ட்னரைப் பிடிக்காத வேறு குழுவினர் கேலியாக வைத்த பெயர், பிறகு ஒட்டிக்கொண்டது. மதங்களின் பெயர்கள் பாதி இப்படித்தான் வந்திருக்கின்றன.

யார் இந்தக் கார்ட்னர்?

இங்கேதான் நமக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. இவர் வளர்ந்து ஆளானது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்.

1884 ஜூன் 13 அன்று லிவர்பூலுக்குப் பக்கத்தில் வசதியான மர வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே கடுமையான ஆஸ்துமா. வெயில் உள்ள நாடுகளில் இருந்தால் மூச்சு சீராகும் என்று, அவரைப் பார்த்துக்கொண்ட தாதி அவரை ஊர் ஊராக அழைத்துப் போனார். பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கு முறையாகப் போனதில்லை. படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். அந்தத் தாதி இலங்கையில் இருந்த ஒரு தோட்டக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டபோது, பையனும் கூடவே கிளம்பிவிட்டான். வருடம் 1900, வயது 16. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் கொழுந்து பறித்த அதே மலைகளில் தேயிலைத் தொழில் பழகினார். 1910இல் கொழும்பில், ரகசியச் சடங்குகளும் படிப்படியான தீட்சையும் உள்ள ஃபிரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் போர்னியோ, அங்கிருந்து மலாயா. ரப்பர் தோட்டம், பிறகு ஜோகூரில் அரசாங்கச் சுங்க அதிகாரி வேலை. அபினி வியாபாரத்தைக் கண்காணிப்பதும் அதில் அடக்கம். ஓய்வு நேரத்தில் ஜோகூர் லாமா என்ற பழைய ஊரின் இடிபாடுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். கிறிஸ் என்ற வளைவு நெளிவான மலாய்க் கத்தியின் மேல் அவருக்குத் தீராத மோகம். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1936இல் சிங்கப்பூரில் வெளியானது. ஒரு கத்திக்குள் சக்தி குடியிருக்கும், அதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நம்புகிற மக்கள் நடுவே பல வருடம் வாழ்ந்த மனிதர் இவர். பின்னாளில் இவர் கொண்டுவந்த சடங்கில் முதல் இடம் கத்திக்கு என்பது எனக்கு வியப்பாக இல்லை.

1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். மனைவி டானா பாதிரியார் வீட்டுப் பெண். கணவரின் புதிய மதத்தில் அவர் கடைசிவரை சேரவில்லை.

சரி, மதம் எப்படித் தொடங்கியது?

கார்ட்னர் சொன்ன கதை இது. 1938 வாக்கில் தென் இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதிக்குப் பக்கத்தில் உள்ள ஹைகிளிஃப் என்ற ஊரில் குடியேறினார். பக்கத்து ஊரான கிறைஸ்ட்சர்ச்சில் ரோசிக்ரூசியன் என்ற மறைஞானச் சங்கம் ஒன்று நாடகக் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தது. அங்கே போய்வந்தபோது சிலரோடு பழக்கம். அவர்கள் பழைய மந்திர மதத்தின் எஞ்சிய வாரிசுகள் என்று தெரியவந்ததாம். 1939 செப்டம்பரில், உலகப்போர் தொடங்கிய அதே மாதத்தில், 'ஓல்ட் டாரதி' என்ற சீமாட்டியின் வீட்டில் அவருக்குத் தீட்சை கொடுத்தார்கள். 1940இல் ஹிட்லர் கடல் தாண்டி வராமலிருக்க அந்தக் குழு காட்டுக்குள் கூடி ஒரு பெரிய சடங்கு செய்ததாகவும் அவர் சொல்வார்.

டாரதி என்று ஒருத்தர் இருந்தாரா என்பதே வெகுநாள் சந்தேகமாக இருந்தது. கார்ட்னரின் சிஷ்யை டோரீன் வாலியண்ட் 1980களின் தொடக்கத்தில் விடாப்பிடியாகப் பதிவேடுகளைத் தேடி, டாரதி கிளட்டர்பக் என்ற பெண் 1880இல் வங்காளத்தில் பிறந்து 1951இல் இங்கிலாந்தில் இறந்ததை நிரூபித்தார். ஆக, ஆள் நிஜம். ஆனால் அவர் தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போய்வந்த கிறித்தவர். அவருடைய நாட்குறிப்புகளில் மந்திர வாடையே இல்லை என்று வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் எடுத்துக்காட்டினார். கார்ட்னருக்கு உண்மையில் வழிகாட்டியவர் 'டாஃபோ' என்று அழைக்கப்பட்ட எடித் உட்ஃபோர்ட்-கிரைம்ஸ் என்ற ஆசிரியையாக இருக்கலாம், அவரை மறைக்கவே டாரதியின் பெயரை முன்னால் வைத்திருக்கலாம் என்பது ஹட்டனின் ஊகம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் இது பல ஆயிரம் வருடப் பழைய மதம் என்பது பொய்யா?

பல ஆயிரம் வருடத்துக்கு ஆதாரம் இல்லை. இன்றைய படித்த கார்ட்னேரியன்களில் பெரும்பாலானோர் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

கார்ட்னர் நம்பியது எகிப்தியலாளர் மார்கரெட் மர்ரேயின் கோட்பாட்டை. ஐரோப்பாவில் 'விட்ச்' என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் கிறித்தவத்துக்கு முந்தைய ஒரு கருவள மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று மர்ரே 1921இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் 1954இல் கார்ட்னர் தன் மதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது முன்னுரை கொடுத்தவர் இதே மர்ரேதான்.

சடங்குகளை எடுத்துப் பார்த்தால் தையல் தெரியும். மூன்று படி தீட்சை, கண்ணைக் கட்டி அழைத்து வருவது, சடங்கு வாக்கியத்தை முடிக்கும் 'அப்படியே ஆகுக' என்ற பழைய ஆங்கிலத் தொடர், எல்லாம் ஃபிரீமேசன் வாசனை. கொழும்பு நினைவிருக்கிறதா? சடங்குக்கு வட்டம் போடும் முறை ஐரோப்பிய மந்திர நூல்களிலிருந்து வந்தது. தேவியே பேசுவதாக அமைந்த 'தேவியின் வாக்கு' என்ற உரையில் ஒரு பகுதி, சார்ல்ஸ் லேலண்ட் என்ற அமெரிக்கர் 1899இல் இத்தாலிய மந்திரக்காரிகளின் மரபு என்று வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. ஏப்ரல் 30 திருநாளில் பாடும் பாட்டு ரட்யார்ட் கிப்ளிங் 1906இல் குழந்தைகளுக்காக எழுதிய கதைப்புத்தகத்தில் உள்ளது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அலைஸ்டர் குரோலி. அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பத்திரிகைகள் கரித்துக்கொட்டிய மந்திரவாதி. அவர் சாகும் வருடமான 1947இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் கார்ட்னர் அவரைப் போய்ப் பார்த்தார். அவர் எழுத்திலிருந்தும் வரிவரியாக எடுத்திருக்கிறார்.

1953இல் தீட்சை பெற்ற டோரீன் வாலியண்ட் நிறையப் படித்தவர். சடங்கு வரிகளைக் கேட்டதுமே "இது குரோலி அல்லவா?" என்று பிடித்துவிட்டார். தனக்குக் கிடைத்தது துண்டு துண்டாகத்தான் இருந்தது, இடைவெளியை நிரப்பினேன் என்று கார்ட்னர் சமாளித்தார். உன்னால் இதைவிட நன்றாக எழுத முடியுமானால் எழுது என்றும் சொல்லிவிட்டார். வாலியண்ட் உட்கார்ந்து எழுதினார். இன்று உலகமெங்கும் விக்கர்கள் பௌர்ணமியில் சொல்கிற தேவியின் வாக்கு அவர் செதுக்கிய வடிவம்தான். குரோலியின் வரிகளில் கணிசமானதை வெளியே தள்ளிவிட்டு, படித்தால் மனதில் நிற்கிற ஒரு உரைநடையைக் கொண்டுவந்தார். விக்காவைத் தோற்றுவித்தது யார் என்று என்னைக் கேட்டால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

1951 வரை ஏன் இதைப் பற்றி வெளியே பேசவில்லை?

1735இல் போட்ட மந்திரச் சட்டம் அதுவரை நடைமுறையில் இருந்தது. சுவாரசியமான சட்டம் அது. மந்திரம் செய்தால் தண்டனை என்று அது சொல்லவில்லை. மந்திரம் என்று ஒன்று கிடையாது, அது தெரியும் என்று பாசாங்கு செய்தால் ஏமாற்று வேலை, அதற்குச் சிறை என்றது. 1944இல்கூட ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்ணை இதன் கீழ் உள்ளே தள்ளினார்கள். 1951இல் அது நீக்கப்பட்டது. அதற்கு முன் 1949இல் கார்ட்னர் தன் சடங்குகளை வெளியிட்டபோது, புனைபெயரில், நாவல் என்ற போர்வையில்தான் கொண்டுவந்தார்.

யாரைக் கும்பிடுகிறார்கள்?

ஒரு தேவி, கொம்புள்ள ஒரு தேவன். தேவி நிலவோடும், தேவன் காட்டோடும் வேட்டையோடும் சாவோடும் சேர்த்துப் பேசப்படுவார்கள். கார்ட்னேரியன் மரபில் இருவருக்கும் குறிப்பிட்ட பெயர்கள் உண்டு. தீட்சை பெறாதவருக்கு அதைச் சொல்லமாட்டார்கள். சிலர் இருவரையும் தனித்தனி ஆளாகவே பார்ப்பார்கள், சிலர் எல்லாம் ஒரே சக்தியின் முகங்கள் என்பார்கள், சிலருக்கு அது மனித மனத்தின் உருவகம். யாரும் யாரையும் இதற்காக வெளியே அனுப்புவதில்லை. சடங்கைச் சரியாகச் செய்கிறாயா என்பதுதான் கேள்வி, என்ன நம்புகிறாய் என்பது உன் சொந்த விஷயம். இது நம் வீடுகளுக்குப் பழக்கப்பட்ட மனநிலைதான்.

சாத்தான்?

கிடையாது. சாத்தான் கிறித்தவத்தின் பாத்திரம். கொம்பைப் பார்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தீட்சை எப்படி நடக்கும்?

கார்ட்னேரியன் மரபின் உயிர்நாடி இதுதான். ஒரு கார்ட்னேரியன் குழுவில், தகுதி பெற்ற ஒருவர் கையால் தீட்சை வாங்கினால் மட்டுமே கார்ட்னேரியன். அந்த ஒருவருக்குக் கொடுத்தவர், அவருக்குக் கொடுத்தவர் என்று சங்கிலி பின்னால் போய்க் கார்ட்னரிடமும் அவருடைய பூசாரிணிகளிடமும் முடிய வேண்டும். குரு பரம்பரை என்று சொன்னால் நமக்கு ஒரு நொடியில் புரியும். வேறு ஊருக்குக் குடிபோகும் விக்கரிடம் புதிய குழு முதலில் விசாரிப்பது இந்தப் பரம்பரையைத்தான்.

குழுவுக்கு 'கோவன்' என்று பெயர். அதிகபட்சம் 13 பேர் என்பது வழக்கு, பல குழுக்களில் ஆறேழு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். தலைமை பெண்ணிடம், தலைமைப் பூசாரிணி என்று வைத்துக்கொள்வோம். ஆணுக்குப் பெண்ணும், பெண்ணுக்கு ஆணும் தீட்சை தருவது பழைய விதி. இப்போது சில குழுக்கள் இதைத் தளர்த்தியிருக்கின்றன, சில அசையவில்லை.

முதல் படித் தீட்சையின் விவரங்கள் எப்போதோ அச்சில் வந்துவிட்டன, அதனால் சொல்வதில் தவறில்லை. வந்தவரின் கண்ணைக் கட்டி, கையைப் பின்னால் கயிற்றால் கட்டி, வட்டத்தின் விளிம்பில் நிறுத்துவார்கள். வாள் முனை நெஞ்சைத் தொடும். பயத்தோடு உள்ளே வருவதைவிட இந்த முனையில் பாய்ந்து செத்துப்போவது மேல் என்று எச்சரிப்பார்கள். அவர் இரண்டு கடவுச்சொற்களைச் சொல்ல வேண்டும்: முழு அன்பு, முழு நம்பிக்கை. உள்ளே போன பிறகு நூலால் அவர் உடலை அளந்து எடுத்து வைப்பார்கள். 3, 7, 9, 21 என்று மொத்தம் 40 அடி, நூல் சாட்டையால், வலிக்காத மாதிரி. பிறகு சத்தியம். பிறகு ஒவ்வொரு கருவியாக எடுத்துக் காட்டி, இது எதற்கு என்று விளக்குவார்கள்.

இரண்டாம் படிக்கு மேல்தான் பிறருக்குத் தீட்சை தரலாம். மூன்றாம் படி வந்தவர் தனிக் குழு தொடங்கலாம். மூன்றாம் படிச் சடங்கு தேவனும் தேவியும் இணைவதைக் குறிப்பது. பெரும்பாலும் கிண்ணத்தில் கத்தி முனையை இறக்கி அடையாளமாகவே செய்கிறார்கள்.

ஒரு சாதாரணப் பௌர்ணமிக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

கோயில் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டு ஹால். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிடுவார்கள். வட்டத்தின் அளவு ஒன்பதடி விட்டம். நடுவில் ஒருவர் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, நாலரை அடி தள்ளி இன்னொருவர் சுற்றி வந்தால் அளவு கிடைத்துவிடும். வடக்கே ஒரு மேசை, அதுதான் பீடம். அதன் மேல் மெழுகுவர்த்திகள், தூபக்கால், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தட்டில் உப்பு, நட்சத்திரம் பொறித்த வட்டத் தகடு, கோப்பை, கோல், கயிறு, சாட்டை, இரண்டு கத்திகள்.

பூசாரிணி கத்தி முனையைத் தண்ணீரில் வைத்துத் தூய்மை சொல்வார். அதேபோல் உப்புக்கும் சொல்லி, உப்பைத் தண்ணீரில் கலப்பார். வாளாலோ கத்தியாலோ காற்றில் கோடு இழுத்தபடி வலமாகச் சுற்றி வருவார். அந்த உப்புத்தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஒரு சுற்று, தூபத்தோடு ஒரு சுற்று. எல்லாம் வலம்தான். இடமாகச் சுற்றுவது கலைப்பதற்கும் விரட்டுவதற்கும். பிரதட்சிணம் என்று யாரும் அங்கே சொல்வதில்லை, ஆனால் கோயில் பிரகாரம் சுற்றிய காலுக்கு அது பழகிய வழியாகத்தான் இருக்கும்.

பிறகு நான்கு திசைகளை அழைப்பது. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். அப்புறம் அன்றைய முக்கிய நிகழ்ச்சி: 'நிலவை இறக்குதல்'. பூசாரிணி கண்ணை மூடி நிற்பார். பூசாரர் மண்டியிட்டுத் தேவியை அவருக்குள் வரும்படி அழைப்பார். பூசாரிணி பேசத் தொடங்கும்போது, பேசுவது தேவி என்பது நம்பிக்கை. சாமி வந்து ஆடுவதைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் பம்பை உடுக்கைச் சத்தம் இல்லாமல், பெரும்பாலும் மனப்பாடமான வரிகளைச் சொல்லி, ரொம்ப அடக்கமாக நடக்கும்.

யாருக்காவது உடம்பு சரியில்லை, வேலை கிடைக்கவில்லை என்றால் அதற்காகக் கைகோத்து வட்டமாக ஆடி, சக்தியைத் திரட்டி 'அனுப்புவார்கள்'. கடைசியில் கேக்கும் ஒயினும். கேக் பிறை வடிவத்தில் இருப்பது மரபு. கொஞ்சம் எடுத்து மண்ணுக்குப் படைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டபடி அரட்டை. இந்த அரட்டையும் சடங்கின் பகுதிதான். திசைகளுக்கு விடை கொடுத்து வட்டத்தைக் கலைத்த பிறகே வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

கத்தி எதற்கு? பலி கொடுப்பார்களா?

பலி கிடையவே கிடையாது. கறுப்புப் பிடி போட்ட கத்திக்கு 'அத்தமே' என்று பெயர். அதனால் எதையும் வெட்டக்கூடாது, ஒரு நூலைக்கூட. அது காற்றில் கோடு போடத்தான். மெழுகுவர்த்தியில் எழுத்து கீற, நூல் அறுக்க வெள்ளைப் பிடிக் கத்தி தனியாக இருக்கும்.

ஆடையில்லாமல் செய்வார்கள் என்பது உண்மையா?

உண்மை. கார்ட்னேரியன் குழுக்களில் அதுதான் மரபு. இதற்கு அவர்கள் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் பொருள் 'ஆகாயத்தை உடுத்தியவர்'. சமணத்தின் 'திகம்பரர்' அப்படியே ஆங்கிலம் பேசுகிற மாதிரி இல்லை?

உடை சக்தியைத் தடுக்கும், உடையில்லாவிட்டால் பணக்காரன் ஏழை வித்தியாசம் தெரியாது என்று காரணம் சொல்வார்கள். இன்னொரு காரணமும் உண்டு. கார்ட்னர் உடல்நலத்துக்காக நிர்வாண வெயில்குளியல் சங்கங்களில் சேர்ந்தவர். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பிரிக்கெட் வுட் என்ற இடத்தில் அப்படி ஒரு சங்கத்தின் நிலத்துக்குள், எங்கிருந்தோ பிரித்துக் கொண்டுவந்த பழைய மரக் குடிசை ஒன்றில்தான் அவருடைய குழு கூடியது. பத்திரிகைகளுக்கு இந்த விஷயம் அல்வா மாதிரி. இன்று வரை விக்கா என்றதும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். வேறு பல விக்கா மரபுகளில் அங்கி போட்டுக்கொள்கிறார்கள்.

'நிழல்களின் புத்தகம்' என்பது அவர்களுடைய வேதமா?

வேதம் இல்லை, செய்முறைக் குறிப்பேடு. தீட்சை பெற்றவர் தன் குருவின் பிரதியைப் பார்த்துத் தன் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் எடுப்பது முறையல்ல. அதனால் குழுவுக்குக் குழு சின்னச் சின்னப் பாடபேதம். ஒருவர் தவறாக எழுதிய ஒரு சொல் அவருடைய சிஷ்யர்கள் எல்லோர் ஏட்டிலும் போய் உட்கார்ந்திருக்கும். ஓலைச்சுவடிப் பதிப்பாளர்களுக்கு இது தெரிந்த தலைவலி.

பெயர்க் கதை இன்னும் வேடிக்கை. 1949இல் ஒரு மாந்திரீகப் பத்திரிகையில், மனிதரின் நிழலை அளந்து பலன் சொல்லும் பழைய சமஸ்கிருத நூல் ஒன்றைப் பற்றி, கைரேகை நிபுணர் மீர் பஷீர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு 'நிழல்களின் புத்தகம்'. எதிர்ப்பக்கத்தில் கார்ட்னரின் நாவலுக்கு விளம்பரம். தன் புத்தகத்தின் விளம்பரத்தைப் பார்க்கப் பத்திரிகையைத் திறந்தவர் கண்ணில் பக்கத்துத் தலைப்பு பட்டிருக்கும், பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார் என்பது வாலியண்டின் ஊகம்.

என்னென்ன பண்டிகைகள்?

வருடத்துக்கு எட்டு. அக்டோபர் 31, பிப்ரவரி 2, ஏப்ரல் 30, ஆகஸ்ட் 1 ஆகிய நாட்களை ஒட்டி நான்கு பெரியவை. சூரியனின் இரண்டு திருப்ப நாட்களும், பகலும் இரவும் சமமாக வரும் இரண்டு நாட்களும் மற்ற நான்கு. அக்டோபர் 31 செத்தவர்களை நினைக்கும் நாள். ஏப்ரல் 30 இரவு நெருப்பும் கொண்டாட்டமும். இந்த எட்டும் சமமான பண்டிகைகளாக ஆனது 1958இல், பிரிக்கெட் வுட் குழுவினர் கேட்டுக்கொண்ட பிறகு. சில பண்டிகைகளின் இன்றைய பெயர்கள் 1970களில் ஒரு அமெரிக்கர் வைத்தவை. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குப் பருவம் தலைகீழ் என்பதால், பலர் குளிர்காலப் பண்டிகையை ஜூனில் கொண்டாடுகிறார்கள்.

சாபம் போடுவார்களா?

'யாருக்கும் தீங்கு இல்லையென்றால் விரும்பியதைச் செய்' என்ற வாக்கியம் விக்காவில் பிரபலம். வாலியண்ட் 1964இல் ஒரு கூட்டத்தில் அதைச் சொன்ன பிறகு பரவியது. செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. எல்லா கார்ட்னேரியன்களும் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த மதத்திலும் கோபக்காரர்கள் இருப்பார்கள் இல்லையா?

ஐரோப்பாவில் 90 லட்சம் 'விட்ச்'கள் எரிக்கப்பட்டார்கள் என்கிறார்களே?

தவறான எண். ஏறக்குறைய 1450 முதல் 1750 வரை கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 50,000 வரை என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. இங்கிலாந்தில் எரிக்கவில்லை, தூக்கில் போட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் விக்கர்களும் அல்ல. அக்கம்பக்கத்தார் பழி சுமத்திய சாதாரணக் கிறித்தவர்கள். மேலே சொன்ன ஜார்க்கண்ட் பெண்களோடுதான் அவர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழுவுக்குள் சண்டை வந்ததில்லையா?

வராமல் இருக்குமா? கார்ட்னருக்குப் பத்திரிகைக்காரர்கள் என்றால் உயிர். ரகசிய மதத்தின் தலைவருக்கு இவ்வளவு விளம்பர ஆசை ஆகாது என்று 1957இல் வாலியண்டும் சிலரும் விதிமுறைகள் எழுதிக் கொடுத்தார்கள். கார்ட்னர் பதிலுக்கு, இதோ பழங்காலத்து விதிகள் ஏற்கனவே இருக்கின்றன என்று ஒரு கட்டை நீட்டினார். அதில் ஒரு விதி: இளையவள் வந்தால் மூத்த பூசாரிணி மரியாதையாக இடம் விட்டு விலக வேண்டும். அப்போது வாலியண்டுக்கு வயது 35. 'பழங்கால' விதி யாரைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று புரிந்துகொள்ள அவருக்கு மந்திர சக்தி தேவைப்படவில்லை. தன் ஆட்களோடு வெளியேறினார். பிறகு கார்ட்னரோடு ஓரளவு சமாதானம் ஆனது.

மற்ற கிளைகள்?

1960களில் அலெக்ஸ் சாண்டர்ஸும் மனைவி மாக்சினும் தொடங்கிய அலெக்சாண்ட்ரியன் மரபு நெருங்கிய பங்காளி. சடங்குகள் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்காவுக்குக் கார்ட்னேரியன் மரபைக் கொண்டுபோனவர்கள் ரேமண்ட் பக்லண்டும் மனைவி ரோஸ்மேரியும், 1963இல் ஸ்காட்லாந்தில் தீட்சை பெற்று. அமெரிக்காவில் அது பெண்ணிய வடிவம், தனியாளாகச் செய்யும் வடிவம் என்று நூறாகக் கிளைத்தது. கடைகளிலும் இணையத்திலும் நீங்கள் பார்க்கும் விக்கா பெரும்பாலும் இந்தத் தனியாள் வடிவம்தான்.

எத்தனை பேர் இருக்கிறார்கள்? சட்ட அங்கீகாரம் உண்டா?

இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கில் மதம் விக்கா என்று எழுதியவர்கள் சுமார் 13,000. பேகன், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய மரபுகளைப் பின்பற்றுகிறவர் என்று எழுதியவர்கள் சுமார் 74,000. அந்த 13,000 கார்ட்னேரியன்கள் மட்டுமல்ல, எல்லாக் கிளை விக்கர்களும் சேர்ந்த எண். அமெரிக்காவில் 1986இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விக்காவை மதம் என்று ஏற்றது. 2007 முதல் படைவீரர் கல்லறைக் கல்லில் நட்சத்திரச் சின்னம் பொறிக்க அனுமதி.

இந்தியாவில் 1980களில் கொல்கத்தாவின் இப்சிதா ராய் சக்ரவர்த்தி தன்னை விக்கர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அவர் வழி கார்ட்னேரியன் அல்ல.

இணையத்தில் மூன்று நாள் வகுப்பு, சான்றிதழோடு தீட்சை என்று விளம்பரம் வருகிறதே, சேரலாமா?

கார்ட்னேரியன் என்று சொல்லிக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தீட்சைக்குப் பணம் வாங்குவது இந்த மரபில் பெரிய தப்பு. மெழுகுவர்த்திக்கும் கேக்குக்கும் பங்கு போட்டுக்கொள்வது வேறு விஷயம். வீடியோ அழைப்பில் தீட்சை, தனக்குத் தானே தீட்சை, இவை எதையும் அவர்கள் ஏற்பதில்லை. நேரில் பழகி, பல குழுக்களில் ஒரு வருடமும் ஒரு நாளும் காத்திருந்து, 18 வயது நிரம்பியவராக இருந்தால்தான் பேச்சே. ஆள் சேர்க்க யாரும் வீடு தேடி வரவும் மாட்டார்கள். குழுவே பார்த்து "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம், அதற்குக் காரணமும் சொல்லாமலிருக்கலாம்.

கார்ட்னர் கடைசியில் என்ன ஆனார்?

மேன் தீவில் காசில்டவுன் என்ற ஊரில் இருந்த மந்திர அருங்காட்சியகத்தை 1954இல் வாங்கி, 'குடியிருக்கும் விட்ச்' என்ற பெயரோடு வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். 1964 பிப்ரவரி 12 அன்று, குளிருக்குத் தப்பி லெபனான் போய்விட்டுக் கப்பலில் திரும்பும் வழியில், காலைச் சாப்பாட்டு மேசையில் மாரடைப்பு. கப்பல் அடுத்து நின்ற துறைமுகம் துனீசியா. அங்கே புதைத்தார்கள். கூட நின்றது கப்பல் தலைவர் ஒருவர் மட்டும். சில வருடம் கழித்து அந்த இடுகாட்டை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, அவரிடம் வந்த பூசாரிணிகளில் ஒருவரான எலனர் போன் பணம் திரட்டி, எலும்புகளை துனிஸ் நகரின் வேறொரு இடுகாட்டுக்கு மாற்றினார்.

அருங்காட்சியகம் மோனிக் வில்சன் என்ற பூசாரிணிக்குப் போனது. பக்லண்டுக்குத் தீட்சை கொடுத்தவர் இவர்தான். 1973இல் அவர் எல்லாவற்றையும் ரிப்ளே நிறுவனத்துக்கு விற்றார், விசித்திரப் பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் 'நம்பினால் நம்புங்கள்' புகழ் ரிப்ளே. மற்ற விக்கர்கள் கொதித்துப்போனார்கள். அந்தச் சரக்கோடு சரக்காக, கார்ட்னர் கைப்பட எழுதிய தடித்த தோல் அட்டை ஏடு ஒன்றும் கனடா போயிருந்தது. பழைய காலத்து எழுத்துக்கூட்டலில் தலைப்புப் போட்டு, மந்திர நூல்களிலிருந்து எடுத்த பகுதிகளை எழுதிவைத்து, நடுவே விட்ட இடங்களில் தன் சடங்குகளின் முதல் வரைவுகளை அவர் எழுதியிருந்தார்.